பேச்சியம்மாளின் நேர்க்கம்பிகள்

மர அடிக்கோலைக் கம்ப்யூட்டர் திரையின் கண்ணாடிமேல் நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் பேச்சியம்மாள். பச்சை எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் சிறு கம்பிகளில் ஒன்று மட்டும் கோலை விட்டு ஓர் எழுத்து அகலம் விலகி நிற்கிறது. "நீ எங்கோட்டு போறே?" என்று அதனிடம் கேட்கிறார். ஒரு பொத்தானைத் தட்டுகிறார். கம்பி வரிசைக்குள் வந்துவிடுகிறது. அப்புறம்தான் மேஜையில் ஆறிப்போன சாயாவை எடுக்கிறார்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற கம்பெனி எங்களுடையது. கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். கீழே மிளகு புடைத்தால் மேலே நாங்கள் தும்முவோம். கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி அறை, தனிக் குளிர், கண்ணாடிக் கதவு. அந்தக் குளிரை உத்தேசித்தே, கணக்குப் பிரிவில் வியர்த்துக்கொண்டிருக்கும் நான் மத்தியான வேளைகளில் ஏதாவது ஒரு சந்தேகத்தை உண்டாக்கிக்கொண்டு அங்கே போவேன். பேச்சியம்மாளுக்கு இது தெரியும். "சார் சந்தேகத்தைத் தீர்த்துக்கிட்டு மெல்லப் போனா மதி" என்பார். கொச்சித் தமிழ் அவருடையது; 'போதும்' அவர் வாயில் 'மதி' ஆகிவிடும்.

அவருடைய வேலை இன்னது என்று எனக்கு விளங்கவே ஒரு மழைக்காலம் பிடித்தது. வெளிநாட்டு வியாபாரிகளிடமிருந்து டெலக்ஸ் வருகிறது. அதை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டினால், என்ன சரக்கு, எவ்வளவு எடை, எந்த மாதக் கப்பல், ஆர்டரா விசாரணையா என்று அதுவே பிரித்தெடுத்துக் கிடங்குக்குச் சீட்டு அடித்துத் தருகிறது. ஆனால் டெலக்ஸ் அனுப்புகிறவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஒரு விஷயத்தை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனையையும் முன்கூட்டியே கம்ப்யூட்டருக்கு இலக்கண விதியாக எழுதிக் கொடுக்கவேண்டும். அதை எழுதிக் காப்பது பேச்சியம்மாளின் பொறுப்பு.

விதியின் பெயர் மேலே, தனியாக. அதன் கீழே ஒரு வரிக்கு ஒரு வாசகம். ஒவ்வொரு வாசகத்துக்கும் முன்னால், 'அல்லது' என்பதற்கு அடையாளமாக, ஒரு நேர்க்கம்பி. எல்லாம் முடிந்தபின் ஓர் அரைப்புள்ளி, தனி வரியில். எந்த விதியை எடுத்தாலும் இதே அமைப்புதான். எனக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. ஆனாலும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நானே காட்டிவிடுவேன். என் மேஜையைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

இப்பேர்ப்பட்டவரின் வீட்டைப் பார்த்தால் மயக்கமே வந்துவிடும். அப்பாவுக்கு நகராட்சி கொடுத்த குவார்ட்டர்ஸிலேயே இன்னும் குடியிருக்கிறார். சீப்பு அரிசிப் பானையில் கிடக்கும், குடை அடுப்படியில் விரிந்திருக்கும். ஏலூர் உரத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவர் கணவர் ஒச்சப்பன் ஒரு நாள் காலை தன் செருப்பை வீடெல்லாம் தேடிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "உள்ள ஒழுங்கையெல்லாம் ஆபீஸ்லயே செலவழிச்சிட்டு வருதா, இங்கே வர்றப்ப மிச்சம் ஒண்ணும் இருக்காது."

அவருடைய உதவியாளன் வெங்கிடாசலம். இவனும் கொச்சிக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம்தான். வீட்டில் தமிழ், கையெழுத்து மலையாளம். மின்னல் வேகத்தில் தட்டுவான். விதி எழுதச் சொன்னாலோ, எல்லா வாசகத்தையும் ஒரே வரியில் போட்டு அமுக்கி, வரி நிரம்பியதும் பாதிச் சொல்லில் கீழே இறங்குவான். இடைவெளி விட்டால் பிளாப்பியில் இடம் வீண் என்பது அவன் கட்சி. மெஷினுக்கு எப்படி இருந்தாலும் ஒன்றுதானே என்று கேட்பான். நாளைக்கு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தால் இதை மெஷினா திறந்து பார்த்துத் திருத்தப்போகிறது என்று இவர் கேட்பார். இந்தச் சண்டை சாயா வரும் நேரத்தில் தொடங்கி, தம்ளர் காலியானதும் முடியும். அவன் எழுதியதையெல்லாம் இவர் மறுநாள் காலையில் பிரித்து நிமிர்த்தி வைப்பார்.

இந்த வருஷம் மழை தொடங்கும் முன் நடந்ததைச் சொல்லவேண்டும். ஜெர்மனிக்காரர் ஒருவர் கேட்ட மிளகைக் கிடங்கில் புடைத்து, மூட்டை கட்டி, மூட்டைமேல் துறைமுகத்தின் பெயரையும் மசியால் குத்தி முடித்துவிட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அவர் அந்த ஆர்டரை ரத்து செய்து டெலக்ஸ் அனுப்பியிருந்தார் என்பது. 'ரத்தை உறுதி செய்கிறோம்' என்ற அந்த டெலக்ஸைத்தான் கம்ப்யூட்டர் ஆர்டர் என்று எடுத்துக்கொண்டு சீட்டு அடித்திருக்கிறது. டெலக்ஸைத் தட்டியவன் வெங்கிடாசலம். அவசரத்தில் ரத்து என்ற சொல்லை விட்டிருப்பான் என்று மேனேஜர் விஸ்வேஸ்வரன் முடிவு கட்டினார். முன்பே இரண்டொரு தரம் எச்சரிக்கை வாங்கியவன் ஆயிற்றே. திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு சொல்லையும் விடவில்லை என்று அவன் எவ்வளவோ மன்றாடினான். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மனைவி மசக்கையில் இருந்தாள். கண்ணாடிக் கதவருகே நின்று கடைசியில் அவன் பேச்சியம்மாளின் முகத்தைத்தான் பார்த்தான். அவர், "ஓட்டத்துல விட்டிருப்பே, வெங்கிடு" என்றார். அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் குளிருக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எதற்கோ மனசு கேட்காமல் பேச்சியம்மாள் அந்த டெலக்ஸை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தானே தட்டினார். கம்ப்யூட்டர் மறுபடியும் ஆர்டர் என்றே சீட்டு அடித்தது. பேச்சியம்மாள் விதியைத் திரையில் வரவழைத்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

அதற்கு முந்திய வாரம், அழகாக இருக்கட்டும் என்று, வாசகங்களை நீளத்தின்படி வரிசைப்படுத்தியிருந்தார் இவர். பள்ளிக்கூடப் போட்டோவில் குட்டைப் பிள்ளைகளை முன்னால் நிறுத்துவதுபோல, குட்டை வாசகம் மேலே, நெட்டை வாசகம் கீழே. படிக்கட்டு மாதிரி இறங்கிய அந்த வரிகளை என்னைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினார். நானும் பேஷ் என்றேன். ஆனால் கம்ப்யூட்டர் விதியை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வருமாம். முதலில் பொருந்துவதைப் பிடித்துக்கொண்டு, டெலக்ஸில் மீதி இருப்பதை நன்றி, வணக்கம் போன்ற மரியாதைப் பேச்சு என்று தள்ளிவிடுமாம். ஆங்கிலத்தில் 'உறுதி செய்கிறோம்' என்பது முன்னால் வரும், 'ரத்தை' என்பது பின்னால் வரும். 'உறுதி செய்கிறோம்' குட்டை. அது மேலே ஏறிவிட்டது. ரத்து என்ற சொல்வரைக்கும் கம்ப்யூட்டர் போகவே இல்லை. நீளமானது மேலே இருக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் பால பாடமாம். யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் சறுக்கியது யானை, நசுங்கியது வேறொருவன்.

இரண்டு வரிகளை மேலும் கீழுமாக மாற்றிவிட்டால் போதும். மேனேஜர் உள்பட அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. இதைப் பெருந்தன்மை என்று நினைத்தவர்கள் என்னை அறியாதவர்கள். பேஷ் சொன்னவன் நானும்தானே என்ற பயம் எனக்கு. பேச்சியம்மாள் எதையும் மாற்றாமல், அப்படியே ஒரு பிரதி அச்சடித்து எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"வெங்கிடாசலம் தட்டினது சரியாக்கும், சார். தெற்று என்னோடது, என்னோட தப்பு. அழகு பார்க்கப் போயி வரியை மாத்தி வெச்சது நானு."

விஸ்வேஸ்வரனுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. விருந்தாளிகள் வந்தால் பேச்சியம்மாளின் அச்சுத்தாளைத்தான் எடுத்துக் காட்டுவார் அவர். இப்போது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை நீங்கள் சொல்லாமலிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று மெல்லக் கேட்டார்.

"இத்தனை நேரா எழுதறது மத்தவங்க தெற்று மாத்திரம் தெரியறதுக்கா, சார்?" என்றார் பேச்சியம்மாள். நான் மிளகுத்தூள் என்று சொல்லிக் கர்ச்சீப்பை எடுத்தேன்.

பேச்சியம்மாளுக்கும் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. வெங்கிடாசலத்துக்கு ஆள் அனுப்பினார்கள். இனி யார் விதியை மாற்றினாலும் இன்னொருவர் வாசித்துச் சரி என்ற பிறகே அது கம்ப்யூட்டருக்குள் போகவேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். கிடங்கில் பெண்கள் மூட்டைகளை அவிழ்த்து, துறைமுகத்தின் பெயர் தெரியாதபடி சாக்கை உள்வெளியாகத் திருப்பித் தைத்தார்கள். யாருடைய கைங்கரியம் என்று அவர்களுக்குத் தெரிந்துபோய், ஒரு வாரத்துக்குப் பேச்சியம்மாள் படியேறும்போதெல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை வெங்கிடாசலம் வந்தான். எனக்கு வணக்கம் சொன்னான், இவரைப் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் முந்திக்கொண்டு, "மேனேஜர் நம்பாதது போகட்டும். சேச்சியும் நம்பலல்லோ" என்றான். பேச்சியம்மாள் எழுந்து தன் நாற்காலியை அவன் பக்கமாகத் தள்ளி, அந்த விதியை நீயே திருத்து என்றார்.

அவன் உட்கார்ந்தான். நீளமான வாசகத்தை மேலே கொண்டுபோனான், குட்டையைக் கீழே இறக்கினான். கோபத்திலோ அவசரத்திலோ, மேல்வரியின் கம்பி ஓர் எழுத்து அகலம் வெளியே தள்ளி நின்றுவிட்டது. எனக்கே கண்ணை உறுத்தியது. பின்னால் நின்ற பேச்சியம்மாளின் வலது கை தானாக முன்னே வந்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"வாசிச்சு நோக்கணும்" என்றான் அவன், திரும்பாமலே.

அவர் குனிந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். அந்தக் கம்பிக்கு வந்ததும் கொஞ்சம் நின்று, பிறகு கடைசி வரி வரைக்கும் போனார். "சரியாக்கும்" என்றார். அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தக் கம்பியை அப்படியே விட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினார்.