அத்தை மாற்றிப் போட்ட எஞ்சின்

எஞ்சினில் பொறித்திருந்த எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார் நடுவர். எண் கருப்பாக எழும்பி வந்தது. கையிலிருந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் திண்டிவனத்தில் கூடியிருந்த காலை அது. இரண்டே பேர் உட்காரக்கூடிய அத்தையின் சிவப்பு வண்டி ‘அசல் அல்ல’ என்று ஆகிவிட்டது. அப்படிப்பட்ட வண்டிக்கு, அங்கிருந்து புதுச்சேரி வரை போகும் கார் ஊர்வலத்தில் இடம் கிடையாதாம். அத்தைக்கோ அதில் போயே ஆக வேண்டும். மாமா அந்த வண்டியை வாங்கி ஓட்டி வந்த சாலை அது.

எஞ்சின் அசல் இல்லைதான், யார் மறுத்தது? மாமா இறந்த மறு வருடம் மழை பொய்த்தது. கிளியனூர்க் கொல்லையில் மல்லாட்டை, அதான் நிலக்கடலை, காய் பிடிக்கிற நேரம் பார்த்துக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. அத்தை யோசிக்கவே இல்லை. காரின் எஞ்சினைக் கழற்றிக் கிணற்று மேட்டில் பூட்டித் தண்ணீர் இறைத்தார். பயிர் பிழைத்தது, எஞ்சின் சூடேறி வெடித்தது. பிறகு பழைய டாக்சி ஒன்றின் எஞ்சினை வாங்கிப் பொருத்தி, ஆர்.சி. புக்கிலும் முறையாகப் பதிந்து வாங்கினார். அதன்பிறகு அந்த வண்டி ஒரு நாளும் சும்மா நின்றதில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு என்னைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனதே அதுதான்.

நடுவர் நகர்ந்ததும், பழைய கார்களைப் புதுப்பித்துத் தரும் ஒருவர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, இந்த நம்பரைத் தேய்ச்சிட்டுப் பழைய நம்பரை அடிச்சிடலாங்க. இங்க நிக்கிறதுல பாதி வண்டி நான் அடிச்சதுதான். அடுத்த வருஷம் ஜம்முனு போலாம்.”

நான் சரியென்று தலையாட்டிவிட்டேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அத்தை காதில் விழுந்துவிட்டது. நேராக நடுவரிடம் போனார்.

“ஏங்க, டயரை மாத்திக்கினீங்க, பெயிண்டை மாத்திக்கினீங்க, சீட்டை மாத்திக்கினீங்க. நான் எஞ்சினை மாத்திட்டு ஆர்.சி. புக்குல எழுதியும் வெச்சிக்கினு இருக்கேன். பொய் நம்பர் அடிச்சிக்கினு வந்தா உள்ள விடுவீங்க, நெசத்தைச் சொன்னா தொரத்துவீங்களா?”

“விதிங்கம்மா” என்றார் நடுவர், பட்டியலைப் பார்த்தபடி.

“உங்க விதி உங்க மைதானத்தோட. ரோடு உங்க சங்கத்துதா? ஏறுடி வண்டியில!”

அவர்கள் கொடியசைக்கும் முன்பே நாங்கள் புதுச்சேரிச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். கடற்கரையில் காபி குடித்து முடித்தபோதுதான் ஊர்வலம் வந்து சேர்ந்தது. அசல் வண்டிகளில் இரண்டு, வழியில் நின்றுபோய், லாரிமேல் ஏறி வந்தன. அத்தை வாய்விட்டுச் சிரித்தார்.

இப்போது அத்தை இல்லை. வண்டி என்னிடம். ஒவ்வொரு வருடமும் ஊர்வலத்துக்கு விண்ணப்பிக்கிறேன், ஒவ்வொரு வருடமும் மறுக்கிறார்கள், நான் ஓட்டிக்கொண்டு போகிறேன். படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: எஞ்சின் அசலா, இல்லையென்றால் காரணம் என்ன? அதற்கு விட்டிருக்கும் கட்டம் சின்னது. இந்த வருடமும் கட்டத்தைத் தாண்டி, பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: “இல்லை. மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது.”