காரைக்குடிப் பந்தியில் நான் சொன்ன பதில்

எங்கள் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கிறது. அந்தப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்று போராட்டம் நடந்த வருடங்களில் நான் பள்ளிக்கூட ஆசிரியர். கூட்டங்களுக்குப் போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான். என் மனைவியின் தம்பி போனான், முன்வரிசையில் நின்றான். போலீஸ் தேடத் தொடங்கியதும் என் மனைவி, "அவன எங்கயாவது கொண்டு விடுங்க" என்று அழுதாள்.

என்னோடு கல்லூரியில் படித்தவன் ஒருவன் காரைக்குடிக்காரன். விசேஷம் இல்லாத நாட்களில் அவர்கள் பெரிய வீடு பூட்டியே கிடக்கும். சாவியை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். நம்பிக்கையான ஒருவரை அழைத்து வருகிறேன் என்று கடிதம் போட்டேன். என் மைத்துனன் என்று எழுதவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, தான் ஒளிந்து வந்தவன் என்பதை அவன் மறந்துவிட்டான்.

"அத்தான், பாத்தியளா? போர்டெல்லாம் தமிழாக்கும்!"

கடை கடையாக உரக்க வாசித்துக்கொண்டு வந்தான். சிவன் கோயிலில் வெகுநேரம் கண்ணை மூடி நின்றான். என்ன வேண்டினாய் என்று கேட்டேன்.

"நம்ம ஊரும் இந்தப் பக்கம் வரணும். வேற என்னத்த?"

அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிந்தது. முகப்புச் சுவரில் மீனாட்சி கல்யாணமும், அதை ஒட்டியே குடை பிடித்த ஒரு வெள்ளைக்காரியும் வரைந்திருந்தார்கள். "இந்த மதாம்மைக்குக் கல்யாணத்துக்கு ஆரு சொல்லிவிட்டா?" என்று மைத்துனன் என் காதில் கேட்டான். அதற்கு நான் சிரித்தேன்.

அன்று அங்கே ஓர் அறுபதாம் கல்யாணம். பந்தியில் தொன்னையில் பாயசம் வைத்தார்கள். மைத்துனன் அதை இலையில் கவிழ்த்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, வாழைப்பழத்தையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டான். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சாப்பிடுவோம். நானும்தான். அன்று நான் தொன்னையை எடுத்துக் குடித்தேன்.

"இதென்னங்கிறேன், பாயசத்துல அப்பளத்தப் போட்டுப் பெசையுறாரு!" என்றார் எதிர்வரிசைக்காரர் ஒருவர். வரிசை முழுவதும் சிரித்தது.

நண்பனின் தகப்பனார் என்னிடம் கேட்டார். "மலையாளத்து ஆளா? ஒங்களுக்கு ஒறவா?"

"மலையாளத்துக்காரர்தான். உறவில்லை, தெரிந்தவர்" என்றேன்.

மைத்துனனின் கை இலையிலேயே நின்றது.

"ஒங்களுக்குச் சொந்தம்னா யோசிக்கலாம். அசலூர் ஆளுகிட்டச் சாவியக் குடுக்கப் பங்காளிக ஒத்துக்கிற மாட்டாக" என்றார் அவர். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் மதுரை வரை அவன் ஒரு போர்டையும் வாசிக்கவில்லை. பிறகு சொன்னான்: "அங்க தமிழன்னு அடிக்கான். இங்க மலையாளின்னு சிரிக்கான். அது போட்டும் அத்தான். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் போலீஸ்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடியில் இடது காது கேட்காமல் போயிற்று. எங்கள் ஊரும் கேரளத்திலேயே நின்றுவிட்டது.

காரைக்குடியில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் தம்பியிடமும் கேட்டாள். "ஓ, நாங்க போவதுக்கு முன்னயே வச்சாச்சு" என்றான் அவன், என்னைப் பார்க்காமலே. சாகும்வரை அவள் அந்த வீட்டுக்காரர்களைத் திட்டினாள். ஒவ்வொரு முறையும் நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். என்னைக் காட்டிக்கொடுக்க இனி யாரும் இல்லாததால் நானே எழுதுகிறேன்.