லப்டொப்பை ஓன் பண்ணிக் காட்டின காலம்

சூடேறின பிளாஸ்டிக் மணம்... அதோடு பீப், பீப் என்று ஒரு சத்தம். இரண்டும் சேர்ந்து வந்தால் எங்கள் ஒஃபிஸ் லப்டொப் சாகப்போகிறது என்று அர்த்தம்.

திருகோணமலையில், சமாதானம் என்று சொன்னதெல்லாம் குழம்பி மறுபடி சண்டை தொடங்கியிருந்த காலம். நான் ஒரு சின்ன நிவாரண நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. கொழும்பில் பாவித்துக் கழித்த லப்டொப்பை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். வயரைக் கழற்றினால் பற்றறி இரண்டு நிமிஷம் தாங்காது.

பற்றறி போனால் என்ன, கறண்டில் போட்டு வேலை செய்யலாமே என்று இப்போது கேட்பீர்கள். கேட்பீர்கள்தான்... நீங்கள் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றியில் நிற்கவில்லையே.

சாம்பல்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சனம் இருந்தது. அவர்களைப் பதியப் போகிற வழியில் ஆமிச் சென்றி. லப்டொப் கொண்டுபோனால் அங்கே ஓன் பண்ணிக் காட்ட வேண்டும். திரையில் படம் வந்தால் அது லப்டொப். வராவிட்டால் அது குண்டு.

எங்கள் லப்டொப் படம் வருவதற்கு முதலே செத்துவிடும்.

கொழும்புக்கு ஃபோன் எடுத்தேன். எங்கள் மேலதிகாரி, தமிழர்தான், நிதானமாகச் சொன்னார்.

"புதுப் பற்றறி இப்ப ஏலாது. அடுத்த வருஷம் பாப்பம். எப்பிடியாவது சமாளியுங்கோ."

சமாளியுங்கோ... அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

சமாளித்தோம். சென்றிக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பிளக் கேட்டு, ஆமிக்காரனையும் கூட்டிக்கொண்டு போய் ஓன் பண்ணிக் காட்டினோம். அவன் நல்லவன், சிரித்துக்கொண்டு வந்தான். கறண்ட் நிற்கிற நாளில் அதுவும் இல்லை, திரும்பி வர வேண்டியதுதான். டவுனில் திருத்துகிற கடைக்காரர் பற்றறியைத் திறந்து உள்ளே செல் மாற்றலாம் என்றார். ஆனால் செல் கொழும்பிலிருந்து வர வேண்டும். பற்றறிப் பார்சல் என்றால் பஸ்காரன் கையாலும் தொட மாட்டான்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் எங்கள் வான் டிரைவர் சிவராசா அண்ணை. பக்கத்துச் சல்லிக் கிராமத்துக்காரர், அதிகம் கதைக்காத மனுசன். மோட்டார் சைக்கிள் பற்றறி ஒன்றை சீற்றுக்குக் கீழே வைத்து, ஒரு சின்ன இன்வேர்ட்டர் பூட்டி, அதிலிருந்து லப்டொப்புக்கு வயர் இழுத்தார். லப்டொப் சும்மா ஜம்மென்று வேலை செய்தது. சென்றியில் எல்லாரும் பார்த்துப் பழகிவிட்டார்கள். ஆமியைக் காக்க வைக்கக் கூடாது என்று, சென்றிக்குக் கிட்டப் போகும்போதே அண்ணை எல்லா வயரையும் கொழுவி ஆயத்தமாக வைத்துவிடுவார்.

ஒருநாள் சென்றியில் புது ஆட்கள் மாறி வந்திருந்தார்கள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், அண்ணை மட்டும் தனியப் போனார். அவர்கள் கண்டது வான், சீற்றுக்கு அடியில் பற்றறி, அதிலிருந்து ஓடுகிற வயர், ஒரு தமிழ் டிரைவர்.

கொண்டுபோய்விட்டார்கள்.

நான் அழுதுகொண்டு கொழும்புக்கு ஃபோன் எடுத்தேன். மேலதிகாரி கேட்ட முதல் கேள்வி, "லப்டொப் பத்திரமா இருக்கோ?"

லப்டொப்பும் பற்றறியும் எங்கள் ஒஃபிஸ் சாமான், இவர் எங்கள் டிரைவர் என்று இரண்டு வரி எழுதி அனுப்பச் சொன்னேன். அது போதும் என்று அவரை ஒப்படைத்திருந்த பொலிஸிலேயே சொல்லியிருந்தார்கள்.

"எழுத்தில ஒண்டும் தர ஏலாது பிள்ளை. எங்கட பேர் இதுக்குள்ள வரக்கூடாது."

அண்ணையின் மனுசி காலையில் வந்து ஒஃபிஸ் வாசலில் நிற்பார். "கொழும்பால கடிதம் வந்ததோ தங்கச்சி?" தினமும் அதே கேள்வி. தினமும் இல்லை என்று சொன்னது நான். கொழும்பில் ஏசி அறையில் இருந்தவருக்கு அந்த முகத்தைப் பார்க்கிற வேலை இருக்கவில்லை.

கடைசியில் சல்லிக் கோயில்காரரும் கிராமசேவகரும் போய் மன்றாடித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அண்ணை வந்தார். இடது காது கேட்காமல் வந்தார். கொஞ்சக் காலத்துக்கு அவரை வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று கொழும்பு சொன்னது. அந்தக் கொஞ்சக் காலம் இன்னும் முடியவில்லை.

அடுத்த கிழமை புதுப் பற்றறி வந்தது. அடுத்த வருஷம் வர வேண்டியது... அடுத்த கிழமையே வந்தது. பெட்டியை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது என் கைப்பையில் உள்ளங்கை அளவு பவர் பாங்க் கிடக்கிறது. சென்றி இருந்த அந்த ரோட்டால் சனம் நிலாவெளிக்குக் கடல் குளிக்கப் போகிறது. ஒருவரும் மறிப்பதில்லை. நல்லதுதான்... ஆனால் அந்த இடம் வந்தால் நான் இன்றைக்கும் கைப்பையைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? போன கிழமை, பழைய ஒஃபிஸ் ஆட்களின் வட்ஸ்அப் குழுவில் அந்த மேலதிகாரி ஒன்று போட்டிருந்தார். "அந்த நாளையில எங்கட ட்ரிங்கோ ஆக்கள் ஒரு ஓட்டை லப்டொப்பை வச்சு என்னமாச் சமாளிச்சவை. ஒரே குடும்பம் மாதிரி."

அதற்குக் கீழே சிவராசா அண்ணை கும்பிடுகிற கை போட்டிருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. ஃபோன் எடுத்தேன். "அந்தாளுக்குப் போய் ஏன் அண்ணை கும்பிட்டனீங்கள்?"



"பதில் போடாட்டி ஏன் போடேல்லையெண்டு கேப்பினமே, தங்கச்சி."

நான் ஃபோனை வைத்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினேன். ஏன் விலகினீர்கள் என்று மேலதிகாரி தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.

சேர், நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்.