சிங்கப்பூரில் இருந்த தம்பி

என் தம்பிக்கு ஆறு வருஷத் தண்டனை. எங்கள் பக்கத்தார் யாரும் இல்லாத ஒரு கல்யாண விருந்தில் குடித்துவிட்டுப் போட்ட சண்டை. அவன் வீசிய போத்தலில் ஒருவருக்கு ஒரு கண் போய்விட்டது. மேல்முறையீடு செய்தோம். "குறையலாம், கூடவும் செய்யலாம்" என்று வக்கீல் முன்கூட்டியே சொல்லியிருந்தார். குறையவும் இல்லை, கூடவும் இல்லை. அதுவரை ஜாமீனில் வீட்டில் இருந்தவனை அன்றைக்கே விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். நான் ஈப்போ கோர்ட்டிலிருந்து புந்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வெயிலில் நடந்தே வந்தேன். பஸ் ஏறினால் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்களே என்ற பயம்.

பயந்தது வாசலிலேயே காத்திருந்தது. "தம்பி எங்க, ஆளையே காணோம்?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"சிங்கப்பூர்ல வேல கெடச்சிருச்சுக்கா. காலையிலேயே போய்ட்டான்."

எங்கள் வரிசையில் எல்லோருமே தோட்டத்து ஆட்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்துவிட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தவர்கள். லயத்தில் ஒரு வீட்டில் தாளித்தால் பத்து வீட்டில் தும்முவார்கள். அப்படி வளர்ந்தவளுக்கு ஊர் வாய் மேல் இருக்கும் பயம் போலீஸ் மேல்கூட இல்லை.

ஒரு பொய் சொன்னால் ஒன்பது பொய் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் தொண்ணூறு சொன்னேன். தீபாவளிக்கு ஈப்போ டவுனில் சாக்லேட் வாங்கி, அவன் அனுப்பியது என்று வீடுவீடாகக் கொடுத்தேன். "நல்லாருக்கானா?" என்று வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் யாரிடமும் உட்கார்ந்து பேச முடியவில்லை. பேச்சு அவனிடம்தானே வந்து நிற்கும். கோயிலுக்குப் போவதைக் குறைத்தேன், பிறகு நிறுத்தினேன். அப்பா அம்மா போய்விட்டார்கள், எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. பள்ளிக்கூடக் கேண்டீனில் நூறு பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு வந்து, வீட்டில் அரைக் குவளை அரிசி போட்டுச் சாப்பிடுவேன். அழுகை வந்தால் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன்.

பாதித் தண்டனை முடிந்ததும் பரோலுக்குப் பெயர் போயிற்று. விசாரிக்க ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார். நல்ல பெண்மணி. அவன் படுக்கப்போகும் அறையைப் பார்த்தார், என் வேலையைக் கேட்டு எழுதிக்கொண்டார். "அவரை ஏற்றுக்கொள்வீர்களா?" என்று அவர் முடிப்பதற்குள் சரி என்றேன். அப்புறம், அக்கம்பக்கத்திலும் கேட்க வேண்டும் என்று எழுந்தார். அவர் எதிர்வீட்டுக்குள் போவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது பின்னால் ஓடி உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஓடவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பரோல் இல்லை. காரணமும் இல்லை. அதிகாரிக்குப் போன் செய்தேன். "பரோல் வாரியம் ஏன் மறுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. நான் கேட்டதைத்தான் எழுதினேன். அவர் சிங்கப்பூரில் இருப்பதாக எல்லா வீட்டிலும் சொன்னார்கள். இல்லாத ஆளை ஏற்றுக்கொள்வீர்களா என்று யாரிடம் கேட்பது?" என்றார்.

நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, தம்பி ஜெயில்ல இருக்கான்."

"தெரியும்லா."

"தெரியுமா? எப்ப?"

"நீ கோர்ட்லருந்து வந்த மறுநாளே. எல்லாருக்குந்தான் தெரியும்."

"அப்புறம் ஏன் அந்த ஆபீசர் புவான்கிட்ட சிங்கப்பூர்னு சொன்னீங்க?"

"நீ சொன்னதத்தானே சொன்னோம்? வெளியாளுகிட்ட ஒன்ன விட்டுக்கொடுப்போமா? யாரு வந்து கேட்டாலும் இதான்னு பேசி வெச்சிருந்தோம்லா." கீரையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவனப் போய்ப் பாக்கணும்னு எத்தன தடவ கெளம்பினோம் தெரியுமா? போனா அப்புறம் ஒம் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

கோபமாகப் போனவள் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாக நான் ஒளிந்திருந்தது யாருக்கும் தெரியாமல் இல்லை. எல்லோரும் பார்க்காததுபோல் இருந்திருக்கிறார்கள், எனக்காக. அக்கா கோப்பி கலந்து கொடுத்தார். குடித்தேன்.

அடுத்த சந்திப்பில் தம்பியிடம் சொன்னேன். நடுவில் கண்ணாடி, இருபுறமும் ஆளுக்கொரு போன். சிங்கப்பூரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒருத்தரும் வரலியே, எல்லாரும் என்ன வெறுத்துட்டாங்கன்னு நெனச்சேன்க்கா. வெளிய வந்து யாரு மூஞ்சியப் பாக்குறதுன்னு பரோலே வேணாம்னுகூட யோசிச்சேன்" என்றான்.

"யாரும் வெறுக்கலடா. நாந்தான் யாரையும் வர விடல."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை மெதுவாக வைத்துவிட்டு எழுந்தான். வார்டரிடம் ஏதோ சொன்னான். கதவு திறந்தது, உள்ளே போய்விட்டான். சந்திப்பு நேரம் முடிய இன்னும் கால்மணி நேரம் இருந்தது. போனைக் காதிலேயே வைத்தபடி நான் அந்தக் கால்மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.