ஓரம் தேய்த்த கதை

பெட்டி செய்ய ரம்பமும் ஆணியும் போதும். அதன் ஓரத்தை மழுக்குவதற்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்து வீட்டில் திட்டு வாங்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பெட்டி

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். உடைந்த பலகைகளைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அதில் செய்த முதல் பெட்டியைக் கூடத்தில் பெருமையாக வைத்தேன். மூலையெல்லாம் அறுத்தது அறுத்தபடி இருந்தது. அன்றைக்கே என் மனைவி கலாவின் புதுப் புடவை மாட்டி ஒரு முழம் கிழிந்தது. மறுநாள் என் முழங்கால்.

கலா மீன்பிடிக் குடும்பத்துப் பெண். கத்த மாட்டாள், தீர்ப்புதான் சொல்வாள். "இன்னொரு தபா உன் பொட்டியால எவனுக்காவது கெடுதல் வந்துச்சு, ரம்பம், அரம் அல்லாத்தையும் கடல்ல கடாசிடுவேன்."

ஒரு ரூபாய் வளைவு

போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். மூலையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பென்சிலால் வளைவு வரைய வேண்டும். கோடு வரைக்கும் அரத்தால் ராவி, பிறகு உப்புத்தாள். நான் கோட்டோடு நிற்கவில்லை. மரம் வழுக்க வழுக்க அப்படி ஒரு சந்தோஷம்.

ராயபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் மேரி அக்காவுக்கு நூல்கண்டுப் பெட்டி செய்துகொண்டு போனேன். அக்கா ஆசையாகத் தடவிப் பார்த்தார், சட்டென்று விரலை வாயில் வைத்துக்கொண்டார். "சோப்பு மாதிரி வழவழன்னுதான்பா கீது. ஆனா ஆணி எட்டிப் பாக்குதே."

தூண்டில் பெட்டி

மேரி அக்காவின் விரலைப் பற்றிக் கலாவிடம் நான் வாய் திறக்கவில்லை. அதனால்தான் அவளே என்னை நம்பி, தன் தம்பி தேசிங்குக்கு ஒரு தூண்டில் பெட்டி கேட்டாள். நீளக் கயிறு பெட்டிக்குள் சுருண்டிருக்கும். அதில் கட்டிய நூறு தூண்டில் முள்ளையும் பெட்டியின் விளிம்பில் வரிசையாக மாட்டி வைப்பார்கள். கடலில் ஒவ்வொன்றாக எடுத்து விடுவார்கள்.

மச்சான் கை கிழியக் கூடாது என்று நான் உள்ளே, வெளியே, அடியில், விளிம்பில் என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தேன். கடலில் தேசிங்கின் படகு ஒரு குலுக்குக் குலுக்கியதும் நூறு முள்ளும் வழுக்கி உள்ளே விழுந்து ஒரே சிக்கலாகிவிட்டது. காலை முழுக்க அதைப் பிரித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பிய தேசிங்கு, பெட்டியை என் முன்னால் வைத்தான். "மாமா, இதுல கொயந்தைய போட்டு தாலாட்டலாம். முள்ளு மாட்ட முடியாது."

ரீப்பர்

கலா எழுந்து போய் ரம்பத்தையும் அரத்தையும் எடுத்து ஒரு பையில் போட்டாள். தீர்ப்பு நிறைவேறப்போகிறது என்று நினைத்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வழவழப்பான விளிம்பின்மேல் புது ரீப்பரை, அதாவது ஒடுக்கமான மரச் சட்டத்தை, அடிக்கச் சொன்னாள். அறுக்கும்போது மட்டும் ரம்பத்தைக் கொடுத்து, அறுத்ததும் வாங்கிக்கொண்டாள். அடித்து முடித்ததும் என் கை தானாக உப்புத்தாளைத் தேடியது. அது அவள் தொடைக்கு அடியில் இருந்தது. "கை பட்ற எடத்த மழுக்கு. முள்ளு நிக்கிற எடத்த தொடாத."

அடுத்த முறை தேசிங்கு வந்தபோது கையில் இரண்டு சங்கரா மீன் இருந்தது. என்னைத் தாண்டிப் போய் அதைக் கலாவிடம் கொடுத்தான். கலா அதுவரை தன்னிடமே வைத்திருந்த ரம்பப் பையை என் பக்கம் தள்ளிவிட்டாள். தேசிங்கு என்னைப் பார்த்தான். "ஒரு முள்ளு கூட நழுவல மாமா. அந்த ஓரம் யாரு செஞ்சது, அக்காவா?"

இத்தனை வருஷம் கை தேயத் தேய்த்ததில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, நான் தேய்க்காமல் விட்ட ஓரத்துக்கு, அதுவும் என் பெண்டாட்டி பேரில்.