கடைசியாக வாசிக்கப்பட்ட பட்டியல்

தலைமன்னார் வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு மணல் ஒழுங்கையின் முடிவில் அந்த மீனவர் சங்கத்தின் கந்தோர் இருக்கிறது. சங்கத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அறுபத்துநாலு வள்ளங்கள் உள்ள சின்னச் சங்கம். 2016இல் அங்கே எழுதுவினைஞராக இருந்தவர் பிரான்சிஸ்கா அக்கா. அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது, அல்லது நாற்பது.

வயதை அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோயில் பதிவேட்டில் ஒரு பிறந்த திகதி, பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, இந்திய முகாம் அட்டையில் இன்னொன்று. "எந்தக் கந்தோரில எதை முதல் வாசிக்கினமோ, அண்டைக்கு அதுதான் என்ர வயசு" என்று சொல்லிச் சிரிப்பார்.

1990இல் வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்குப் போன குடும்பம் அவருடையது. முகாமில் இருபத்தொரு வருடம். அங்கேதான் தட்டச்சுப் படித்தார். 2011இல் தாயோடும் தம்பி றெனால்டோடும் திரும்பி வந்தார்கள். மீள்குடியேற்றத்துக்கு உதவ வந்த ஒரு நிறுவனம் சங்கத்துக்கு ஒரு மடிக்கணினியும், கடல் எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஒரு மென்பொருளும் கொடுத்தது. கையைப் பார்க்காமல் தட்டக்கூடிய ஒரே ஆள் என்பதால் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. காற்று எழும்பும் என்று அறிவித்தல் வந்தால் அதைத் தட்டி, ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அறுபத்துநாலு வள்ளக்காரரின் போன்களிலும் மணி அடிக்கும்.

நிறுவனம் போய்விட்டது. மென்பொருள் பழுதாகத் தொடங்கியது. அப்போதுதான் நான் வந்தேன்.

என் பெயர் அபிசா. முருங்கன் பக்கத்து வயல் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். நான் என்ன படித்தேன் என்று அப்பாவுக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. ஆரும் கேட்டால் "கொம்பியூட்டர்" என்று சொல்லிவிட்டு வரம்பைப் பார்ப்பார். பட்டம் கிடைத்து எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். சங்கத்தின் மென்பொருளைத் திருத்தித் தர முடியுமா என்று தலைவர் எமிலியானுஸ் கேட்டபோது, முழுவதையும் புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். அப்படிச் சொன்னது அறிவினாலா, எதையாவது நிரூபிக்க வேண்டும் என்ற அவசரத்தினாலா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

ஒரு மென்பொருள் வேலை தொடங்குமுன் தன் செற்றிங்குகளை ஏதாவது கோப்பிலிருந்து வாசித்துக்கொள்ளும். யாருக்கு அனுப்புவது, எந்த சிம்மால் அனுப்புவது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கோப்புகளைப் பல விதமாக எழுதலாம். நிறுவனம் விட்டுப்போனது ஐ.என்.ஐ என்ற பழைய விதம். ஒரு வரியில் பெயர், சமன் குறி, போன் நம்பர். அக்கா இரண்டு வருடமாக அதில்தான் நம்பர்களைத் தட்டியிருந்தார். அதைத் தொட மனம் வராமல் அப்படியே வைத்துக்கொண்டேன். சிம், மொடம் விபரங்களை ஜேசன் என்ற விதத்தில் எழுதினேன். அது எனக்குப் பழக்கமானது. அக்காவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"ஒரு கொமா விட்டாத் திறக்காது, ஒரு கொமா கூடினாலும் திறக்காது. பள்ளிக்கூடத்தில எங்களுக்குப் படிப்பிச்ச சிஸ்ரர்தான் இப்பிடி."

அதனால், பருவத்துக்குப் பருவம் மாறுகிற விபரங்களுக்கு மூன்றாவதாக யமல் என்ற விதத்தில் ஒரு கோப்பு வைத்தேன். ஒரு கோடு, பக்கத்தில் பெயர், கீழே அடுத்த கோடு. பார்ப்பதற்குக் கையால் எழுதிய பட்டியல் மாதிரி. "ஓம், இது கொப்பி மாதிரி இருக்கு" என்றார் அக்கா. மென்பொருள் மூன்றையும் அந்த ஒழுங்கில் வாசிக்கும். ஒரே விடயம் இரண்டு கோப்பில் இருந்தால் கடைசியாக வாசித்தது வெல்லும்.

பருவக் கோப்பு எதற்கு என்றால், ஐப்பசி கழிய வாடைக் காற்று தொடங்கும். சங்கம் இருக்கிற வடகரைக் கடல் குழம்பும். அப்போது கொஞ்ச வள்ளங்கள் தென்கரைக்கு, சிலாவத்துறைப் பக்கம் போய், அங்கே வாடி என்கிற ஓலைக் குடில் போட்டுத் தங்கித் தொழில் செய்யும். அவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கடல் நிலைமையைச் சொல்ல வேண்டும்.

ஒக்டோபர் கடைசியில் அக்கா அந்தக் கோப்பை நிரப்ப இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"தங்கச்சி, போற ஆக்களை மட்டும் எழுதவோ, எல்லாரையும் எழுதவோ?"

"போற ஆக்களை மட்டும் எழுதுங்கோ அக்கா."

"அப்ப மற்ற ஆக்கள்?"

"அது தானா வரும்."

இருபத்துமூன்று பெயர்களை எழுதினார். அதில் றெனால்டின் பெயரும் இருந்தது.

நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பின்னேரம் இரண்டு கரையிலும் காற்று எழும்பும் என்று அறிவித்தல் வந்தது. அக்கா தட்டி அனுப்பினார். திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. மூன்று மணிக்கு வடகரையிலிருந்து ஏழு வள்ளங்கள் கடலுக்குப் போயின. காற்றைக் கண்டு ஆறு திரும்பின. சந்தியோகு அண்ணையின் வள்ளம் அடுத்த நாள் காலையில்தான் பேசாலைப் பக்கம் கரை தட்டியது. வலை இல்லை. போன் கடலுக்குள். அவருடைய மருமகனுக்குக் கை முறிந்திருந்தது.

தென்கரையில் இருபத்துமூன்று போன்கள் மணி அடித்திருந்தன. றெனால்ட் வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டியிருந்தான். வடகரையில் ஒருவருக்கும் அடிக்கவில்லை.

ஊரில் கதை ஒரு நாளில் முடிந்துவிட்டது. பிரான்சிஸ்கா தம்பிக்கு மட்டும் அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அவரை வேலையிலிருந்து எடுப்பதா என்று கூடிப் பேசுவதாகச் சங்கம் முடிவு செய்தது.

நான் வியாழக்கிழமை பஸ் ஏறிப் போனேன். சத்தியமாக, அக்கா எங்கேயோ பிழையாகத் தட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கோப்புகளைத் திறந்தேன். ஐ.என்.ஐயில் அறுபத்துநாலு பெயரும் சரி. யமலில் இருபத்துமூன்றும் சரி. இடைவெளிகூடச் சரியாக விட்டிருந்தார். பிறகு நான் எழுதியதைத் திறந்தேன். பருவக் கோப்பின் பட்டியலை எடுத்து, பழைய பட்டியல் இருந்த இடத்தில் வைக்கும் ஒரு வரி. சேர்க்கவில்லை. மாற்றிவிட்டது. பழக்கதோசத்தில் எழுதியது அல்ல, யோசித்துத்தான் எழுதினேன். வாடைக்கு முழுக் கரையும் இடம் பெயரும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் விதைப்பு என்றால் எல்லோரும் ஒரே நாளில் இறங்குவோம். கடலும் அப்படித்தான் என்று யாரிடமும் கேட்காமல் முடிவு செய்திருந்தேன். எல்லோரும் போவார்கள் என்று நினைத்தவள், "அது தானா வரும்" என்று எதைச் சொன்னேன்? மற்ற ஆட்கள் என்று அவர் யாரைக் கேட்டார் என்றே அன்று நான் யோசிக்கவில்லை.

அக்கா எதிரே கதிரையில் இருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"என்ர பிழை அக்கா."

அவர் அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்துப் போட்டார். ஒக்டோபர் 27இல் எழுதியிருந்தார்: 'அபிசா சொன்னது. தென்கரைக்குப் போற ஆக்களை மட்டும் எழுத வேணும். மற்றவை தானா வரும்.' கீழே ஒரு கோடு இழுத்திருந்தார்.

"இதை ஏன் ஒருத்தருக்கும் காட்டேல்லை?"

"முதல் நான்தான் விளங்காமல் எழுதிப்போட்டனோ எண்டு நினைச்சன். பிறகு காட்டினா உம்மை நிப்பாட்டிப்போடுவினம். உதை ஆர் திருத்துறது? எனக்கோ தெரியும்?"

பிறகு முகாம் கதை ஒன்று சொன்னார். அங்கே ஒரு முறை அட்டை மாற்றினார்கள். அன்றைக்கு வரிசையில் நின்றவர்களை மட்டும் புது அட்டையில் எழுதினார்கள். றெனால்ட் கல் உடைக்கிற வேலைக்குப் போயிருந்தான். பழைய அட்டையில் இருந்தவன் புது அட்டையில் இல்லை. அவனைத் திரும்ப எழுதுவிக்க இரண்டு வருடம் நடந்தார்கள்.

"அதுக்குப் பிறகு புதுப் பட்டியல் எண்டு எதை எழுதினாலும் பழைய பேரையும் பாத்துப் பாத்து எழுதுவன். உம்மட்டையும் அதுக்குத்தான் கேட்டனான்."

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கொழும்பில் ஒரு கம்பனிக்கு விண்ணப்பித்திருந்தேன். எமிலியானுஸ் ஐயாவின் சிபாரிசுக் கடிதம் அடுத்த கிழமை வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது, மென்பொருளில் 'ஒரு சிறு கோளாறு' என்று பொதுவாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். தள்ளாடிச் சந்தி வரும் வரை அதை யோசித்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கந்தோர் வாசலில் ஐம்பது பேர் மட்டில் நின்றார்கள். சந்தியோகு அண்ணை முன்னுக்கு.

"ரெண்டு வருசமா உந்தப் போனைப் பாத்துத்தான் கடலுக்குப் போறம். சத்தம் போடேல்லை எண்டால் கடல் நல்லம் எண்டுதானே? தென்கரைக்கு அடிச்சது, எங்களுக்கு அடிக்கேல்லை. அங்க ஆர் இருக்கிறது? அவவின்ர தம்பி!"

எமிலியானுஸ் ஐயா அக்கா பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?"

"நான் எல்லாருக்கும் எண்டுதான் அனுப்பினனான். எத்தினை பேருக்குப் போச்சுது எண்டு பாக்கேல்லை. அது என்ர பிழை." அவ்வளவுதான் சொன்னார். கொப்பி கையில் இருந்தது. திறக்கவில்லை.

நான் எழுந்தேன். பெரிய பட்டியலோடு சின்னப் பட்டியலைச் சேர்க்காமல், பெரிசை எடுத்துவிட்டுச் சின்னதை வைக்கும்படி நான்தான் எழுதினேன் என்றேன்.

"ஏன் பிள்ளை அப்பிடி எழுதினனீர்?" என்றார் ஐயா.

"வாடைக்கு எல்லா வள்ளமும் தென்கரைக்குப் போகும் எண்டு நினைச்சன்."

பின்னாலிருந்து ஒருவர்: "எல்லாரும் போனாக் கோயில் மணியை நண்டே அடிக்கிறது?" சிரிப்பு எழும்பியது. "வயல்காரப் பிள்ளை, கடலையும் வரம்பு கட்டிப் பாத்திருக்குது" என்றார் இன்னொருவர். சந்தியோகு அண்ணை சிரிக்கவில்லை.

நான் அக்காவின் கையிலிருந்த கொப்பியை வாங்கி, ஒக்டோபர் 27ஐச் சத்தமாக வாசித்தேன். என் பெயரையும் சேர்த்துத்தான்.

"அவ கேட்டவ. நான்தான் மறுமொழியைப் பிழையாச் சொன்னனான்."

கையை உயர்த்தச் சொன்னார்கள். அக்கா வேலையில் இருப்பது என்று முடிவாயிற்று. சந்தியோகு அண்ணை கை உயர்த்தவில்லை. "என்ர வலைக்கும் அவன்ர கைக்கும் உந்தக் கொப்பி என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சிபாரிசுக் கடிதம் கிடைத்தது. அதில் ஐயா நடந்ததையும் ஒரு வரி எழுதியிருந்தார். கொழும்பிலிருந்து பதில் வரவில்லை. அந்த வரியாலா என்று தெரியாது.

வரியைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அக்கா அதோடு விடவில்லை. அனுப்புமுன் எத்தனை பேருக்குப் போகிறது என்று திரையில் வர வேண்டும், விடுபட்டவர்களின் பெயர் தனியாகச் சிவப்பில் வர வேண்டும், ஒருவர் விடுபட்டாலும் பொத்தானை அழுத்தினால் ஒரு தரம் கேட்க வேண்டும் என்றார். அப்படியே எழுதினேன்.

டிசம்பர் முதல் கிழமை அடுத்த அறிவித்தல் வந்தது. நானும் கந்தோரில் இருந்தேன். அக்கா தட்டி முடிக்க, திரையில் 63 என்று வந்தது. கீழே சிவப்பில் ஒரு பெயர்: சந்தியோகு. கடலில் போன நம்பரை அக்கா கோப்பிலிருந்து எடுத்திருந்தார். புது நம்பரை அண்ணை தரவில்லை.

அக்கா 63 பேருக்கும் அனுப்பிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார். நானும் பின்னால் போனேன். சந்தியோகு அண்ணை வீட்டு வேலியடியில் நின்று கூப்பிட்டார்.

"அண்ணை! பின்னேரம் காத்து. போகாதேங்கோ!"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஏன், உன்ர பெட்டி திரும்பவும் பழுதாப் போச்சே?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. உங்கட நம்பர்தான் இல்லை."

அக்கா போகாமல் நின்றார். பிறகு நம்பரை ஒவ்வொரு இலக்கமாக, சண்டை பிடிக்கிற மாதிரிக் கத்திச் சொன்னார் அண்ணை. அக்கா பேனையால் உள்ளங்கையில் எழுதினார். கடைசி இலக்கத்தை இன்னொரு தரம் கேட்டார்.

கந்தோருக்கு வந்து, கையைப் பார்த்துத் தட்டினார். 64. பொத்தானை அழுத்தினார்.