பத்துப் பைக்கான துணி

அவள் போய்ச் சேர்ந்த பிறகு நான் தைத்த எதுவும் அளவுக்கு வரவில்லை. அறுபது இஞ்ச் அகலம் வர வேண்டிய ஒட்டுப் போர்வை ஐம்பத்தாறில் நின்றது. பன்னிரண்டு இஞ்ச் ஜிப் வைக்க வேண்டிய பைக்கு வாய் பத்தரைதான் இருந்தது. டேப் நைந்து இழுபட்டிருக்கும் என்று புது டேப் வாங்கி, பழையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன.

“துணிய நனைக்காம வெட்டிட்டியா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். முப்பது வருடமாகத் தைக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? நனைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட துணி. வெட்டும்போது சரியாக இருந்தது, தைத்து முடித்தால் குறைந்தது. நடுவில் யாரோ ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விரல் அளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று தோன்றியது. யார் என்றும் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவள் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் தம்பி மனைவி. மண்டி மொஹல்லாவில் ஒரே சந்தில், இரண்டு வீடு தள்ளி இருந்தாள். காலை வேலை முடிந்ததும் எங்கள் மாடி அறைக்கு வந்துவிடுவாள். அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். ஒட்டுப் போர்வைகளும் துணிப்பைகளும்தான் எங்கள் தொழில். பதினாறு வருடம் அப்படி ஓடியது.

எந்தத் துணிக்கு எந்த டிசைன் என்று முடிவு செய்வதில் அவளை அடிக்க ஆளில்லை. வருகிறவர்கள் போனை நீட்டி, “இதே மாதிரி வேணும்” என்பார்கள். போனில் இருப்பது வெளிநாட்டுக்காரி யாரோ தைத்த நட்சத்திரம். கையில் இருப்பது பெரிய பெரிய பூப்போட்ட பழைய சேலை. அந்தப் பூவை நட்சத்திரத்துக்காக முக்கோணமாக வெட்டினால் ஒரு துண்டில் காம்பு இருக்கும், இன்னொன்றில் அரை இதழ் இருக்கும். அவள் சேலையை மேஜைமேல் விரித்து, கையை மேலே ஓட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். பிறகு, “இதுக்கு ஏணிதானுங்க்கா” என்பாள். டிசைன்களுக்கு அவளாக வைத்த பெயர்கள் இருந்தன. நீளத் துண்டுகளை வரிவரியாக அடுக்கினால் ஏணி. நடுவில் ஒரு சதுரம் வைத்து, சுற்றிலும் பட்டை பட்டையாகச் சேர்த்துக்கொண்டே போனால் சுத்துச்சுவர். மூலைக்கு மூலை இழுத்தால் பட்டம். கோடு போட்ட துணியைப் பட்டத்துக்குத் தரவே மாட்டாள். குறுக்கே வெட்டினால் அது இழுத்துக்கொண்டு போய்விடும், போர்வை கோணிக்கொள்ளும் என்பாள். பட்டுச்சேலையின் சரிகைக் கரையைப் பைக்குப் பிடியாக வைக்கலாம் என்று முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். பாராட்டு மட்டும் எனக்கு வந்தது, மிஷினில் உட்கார்ந்திருப்பவள் நானல்லவா. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெட்டுவதற்குச் சேலைப் பெட்டி அட்டைகளில் அளவு எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு அட்டை. எல்லாவற்றையும் ஓட்டை போட்டு, கம்பியில் கோத்து, ஆணியில் மாட்டியிருப்பாள். மூலையில் பென்சிலால் ஏதாவது கிறுக்கியிருக்கும். அவள் கொள்ளேகாலில் கன்னடப் பள்ளியில் படித்தவள். தமிழைக்கூடக் கன்னட எழுத்தில்தான் எழுதுவாள். நான் சத்தியமங்கலத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கன்னடத்தில் சண்டை போடுவேன், பேரம் பேசுவேன், ஆனால் பஸ் நம்பரைத் தவிர எதையும் படிக்கத் தெரியாது. டிசைன் பெயர் எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதே இல்லை.

போன வருடம் ஒரு டீச்சரம்மா வந்தார். கன்னடக்காரர். தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு. பள்ளியில் பரிசு கொடுக்கப் பத்துப் பை வேண்டும் என்று துணி கொண்டுவந்தார். சின்னச் சின்னக் கட்டங்களாகச் சேர்த்துத் தைக்கிற பை. துணியைப் பார்த்ததும் நான் மனக்கணக்குப் போட்டு, பத்து தாராளமாக வரும் என்று வாக்குக் கொடுத்தேன். ஓரகத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையமர்த்தினேன். கடைசியில் எட்டுதான் வந்தது.

டீச்சர் வாங்க வந்த அன்று எனக்கு மானமே போனது. கோபத்தில் அவளைப் பார்த்துக் கேட்டேன்.

“பத்துக்கு எட்டுத்தான் வந்திருக்கு. மிச்சத் துணி எங்க போச்சு?”

“வெட்டுனதுலயே போயிருச்சுங்க்கா.”

“வெட்டுனதுல எப்படிப் போகும்? றெக்க முளைச்சுப் பறந்துருச்சா? உம்மவளுக்கு ஜாக்கெட் பிட்டு ஆயிருச்சுன்னு சொல்லு.”

அதோடு விட்டேனா? டீச்சருக்கும் புரியட்டும் என்று அதையே கன்னடத்தில் ஒரு தரம் சொன்னேன். நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “நான் எடுக்கலீங்க்கா” என்றாள். கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வந்தால் வரட்டும் என்று நானும் இருந்தேன். அவளுடைய அட்டைகளைக் கம்பியோடு கழற்றி, பழைய புடவையில் கட்டி, பரண்மேல் வீசினேன். அவள் வைத்த அளவே வேண்டாம் என்று வீம்பு. சந்தில் எதிரே வந்தால் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தோம்.

மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது? மூன்றாம் நாள் காலையில் ஃபிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டு செருப்பு மாட்டும்போது போன் வந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தக் குறைச்சல் ஆரம்பித்தது. போனில் வீடியோ பார்த்து நானே புது அட்டைகள் வெட்டினேன். கால் இஞ்ச் உள்ளே பிடித்துத் தைக்க வேண்டும் என்று அதில் சொன்னார்கள். அது எனக்குத் தெரியாதா? அப்படியே செய்தேன். எல்லாம் சுருங்கியது. மத்தியானம் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் மேஜையில் கத்தரிக்கோல் நடக்கிற சத்தம் கேட்கும். மரத்தில் இரும்பு உரசிக்கொண்டு, நின்று நின்று போகிற சத்தம். பதினாறு வருடம் கேட்ட சத்தம். திரும்பிப் பார்த்தால் மேஜையில் துணி மட்டும் கிடக்கும். மிஷினைத் திருப்பி, மேஜையைப் பார்த்தபடி போட்டுக்கொண்டேன். அப்போது சத்தம் நின்றுவிட்டது. ஆனால் எதிரே அந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே தைக்க வேண்டியிருந்தது. அது அதைவிட மோசம். எனக்குப் பயமாக இருந்தது. திருடி என்று சொன்னேனல்லவா, இப்போது நிஜமாகவே எடுத்துக் காட்டுகிறாள், எடுத்தாள் என்று நான்தானே சொன்னேன் என்றெல்லாம் புத்தி போயிற்று. விளக்கேற்றினேன். அவளிடமே வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். அன்று தைத்த பையும் ஒன்றரை இஞ்ச் குறைவாகவே வந்தது.

இப்படி இருக்கும்போது அவள் மகள் வந்தாள். கல்யாணமாகி நஞ்சன்கூடு பக்கம் இருக்கிறவள். ஏழு மாத வயிற்றோடு மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்து, ஒரு மூட்டையை மேஜைமேல் வைத்தாள். உள்ளே அவள் அம்மாவின் சேலைகள் ஆறு. அத்தனையையும் நான் ஓரகத்தி உடம்பில் பார்த்தவள். தொடக் கூசியது.

“பெரியம்மா, பாப்பாக்கு ஒரு குயில்ட். ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போக ஒரு பேக். அம்மா அட்டையிலதான் வெட்டணும்.”

“அதெல்லாம் பழசு புள்ள. போன்ல புதுசு புதுசா இருக்குது பாரு. நட்சத்திரம் வச்சுத் தாரேன்.”

“பேடா பெரியம்மா, அது வேணாம். அம்மாது இருக்கில்ல, அத எடுங்க.”

இந்தத் தலைமுறைக்குத் தமிழ் அரையும் குறையுமாகத்தான் வரும், பிடிவாதம் மட்டும் முழுசாக வரும். பரணிலிருந்து மூட்டையை எடுத்துப் பிரித்தேன். ஓரகத்தியின் எட்டு இஞ்ச் அட்டையை என்னுடைய எட்டு இஞ்ச் அட்டைமேல் வைத்தேன். நாலு பக்கமும் கால் இஞ்ச் நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்ததை வைத்தேன். அதுவும் அப்படித்தான். எல்லா அட்டையும் அப்படித்தான்.

எனக்குப் பழைய கோபம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. “பாத்தியா, ஒவ்வொண்ணையும் பெருசா வெட்டி வச்சிருக்குறா. துணி எப்படிப் பத்தும்?” என்று அந்தப் பெண்ணிடமே சொன்னேன்.

அவள் அட்டையை வாங்கி, மூலையில் இருந்த கிறுக்கலை விரலால் காட்டினாள். “இத படிச்சிருக்கீங்களா?”

“எனக்கு எங்க கன்னடம் படிக்கத் தெரியும்?”

“‘அக்கா கைக்கு அரை இஞ்ச்’னு எழுதியிருக்காங்க. எல்லாத்துலயும் அதேதான்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே எழுந்து, மூலையில் கிடந்த பழைய பை ஒன்றை எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையலை விரித்துக் காட்டினாள். நான் தைத்த தையல். கால் இஞ்ச் உள்ளே இருக்க வேண்டியது அரை இஞ்ச் உள்ளே போயிருந்தது. எல்லாத் தையலும் அப்படி, ஒரே சீராக, நேர்க்கோடாக. எட்டுப் பையில் எத்தனை கட்டம், எத்தனை தையல்? டீச்சரின் துணி எங்கேயும் போகவில்லை. நானே உள்ளே மடித்துத் தைத்து மூடியிருக்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் என் சுட்டுவிரலில் மிஷின் ஊசி இறங்கியது. நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. அன்று சக்கரத்தைப் பின்னால் சுற்றி ஊசியைத் தூக்கியவள் ஓரகத்திதான். நான்கு நாள் கழித்து மறுபடி உட்கார்ந்தேன். பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன், எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன். ஆனால் விரல் அன்றிலிருந்து ஊசிக்குத் தள்ளியே நின்றிருக்கிறது. விரல் தள்ளி நின்றதால் தையலும் தள்ளி விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்று வெட்டிக்கொண்டிருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லா அட்டைகளையும் புதிதாக வெட்டியிருக்கிறாள்.

“உனக்கு இது முன்னமே தெரியுமா?” என்றேன்.

“தெரியும் பெரியம்மா. அந்த டீச்சர் விஷயம் நடந்தன்னிக்கு அம்மா அழுதுட்டு வந்தாங்க. நீ ஏன் சொல்லலைன்னு நான் சண்ட போட்டேன். ‘அக்கா தையல் நேரா இருக்குதுன்னுதான் ஊரெல்லாம் பேரு. ஊசிக்குப் பயப்படறாங்கன்னு வந்தவங்க முன்னால எப்படிச் சொல்றது? அப்புறம் மிஷின்ல உக்காரவே மாட்டாங்க’ன்னாங்க.”

“நீயாவது வந்து சொல்லியிருக்கலாமே புள்ள.”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

நம்பியிருக்க மாட்டேன். அம்மாவும் பொண்ணும் சேர்ந்து கதை கட்டுகிறீர்களா என்று கேட்டிருப்பேன். அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவள் தேற்றவில்லை. தேற்றுகிற கடமை அவளுக்கு இல்லை. தண்ணீர் மட்டும் மொண்டு கொடுத்தாள்.

அந்தப் பெண் போன பிறகு ஒரு வேஸ்ட் துணியை மிஷினில் வைத்து, விரலை ஊசிப் பக்கம் நகர்த்திப் பார்த்தேன். அது போகவில்லை. கால் இஞ்ச் தூரம்தான். என் விரல், என் பேச்சைக் கேட்கவில்லை. விட்டுவிட்டு, ஓரகத்தியின் அட்டைகளை வைத்தே ஆறு சேலைகளையும் வெட்டினேன். போர்வை, பை இரண்டும் ஒரு நூல்கூடக் குறையாமல் அளவுக்கு வந்தன. அளவுக்கு வந்தது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இரண்டையும் மடித்து, கண்ணில் படாமல் மூட்டைக்குள் வைத்தேன்.

ஒரு காரியம் பாக்கியிருந்தது. நான் அவளைத் திருடி என்று சொன்னதைக் கேட்ட வெளி ஆள் ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார். அவருடைய மனதிலாவது அந்தப் பழியைத் துடைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற டீச்சர் வீட்டுக்குப் போனேன். தையலை அவருக்குக் காட்ட, எங்கள் பழைய பை ஒன்றையும் எடுத்துப் போனேன். வழியெல்லாம் கன்னடத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

டீச்சர் உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார். நான் அந்தத் துணி விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அன்று துணி குறைந்ததற்கு நான்தான் காரணம், அவள் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை, நான் சொன்னது பொய் என்றேன். பையைத் திருப்பித் தையலைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்கறையாகப் பார்த்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். எந்தத் துணி, எப்போது என்று கேட்டார். எட்டுப் பை வந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. நான் சத்தம் போட்டதோ, என்ன சொன்னேன் என்பதோ ஞாபகமே இல்லை. ஸ்கூல் அவசரத்தில் வந்திருப்பேன், காதிலேயே விழுந்திருக்காது என்று சிரித்தார்.

ஆனால் ஓரகத்தியை ஞாபகம் இருந்தது. மெலிந்த உடம்பு, மேஜைப் பக்கம் நின்றுகொண்டிருப்பாரே, அவர்தானே என்றார். நான் தலையாட்டினேன். அந்தச் சின்னக் கட்டம் டிசைன் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்துப்போனதாம். இந்த வருடமும் பை வேண்டுமாம், டிசைனை அவரே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார்.

“அவரு சென்னாகிதாரா?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறாரா என்று.

இத்தனை தூரம் கன்னடத்தில் பாடம் பண்ணிக்கொண்டு போனவளுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. எழுந்து பையை மடித்தேன். தான் விசாரித்ததாக அவரிடம் சொல்லச் சொன்னார் டீச்சர்.

சொல்கிறேன் என்றேன்.